எண்ணெய் குடித்த பிரேக்

வாயில் வைத்த தோசையை இக்ரா அப்படியே தட்டில் துப்பினாள்.

"ம்மா, மண்ணெண்ண நாத்தம் அடிக்குது!"

சனோபர் ஒரு துண்டைப் பிய்த்து மோந்து பார்த்தாள். மண்ணெண்ணெய் மட்டுமா? கருகிய எண்ணெய், தீய்ந்த ரப்பர், பேர் சொல்ல முடியாத வேறு ஏதோ ஒன்று, எல்லாம் சேர்ந்து குப்பென்று மூக்கில் ஏறியது. திரும்பிப் பார்த்தால் அடுப்பு மேடையின் மூலையில், கிழிந்த செய்தித்தாள் மேல் நாலு கருப்பு வில்லைகள் ஆறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் அவள் கட்டைவிரல் அகலம் இருக்கும். தாள் முழுக்க எண்ணெய் ஊறிப்போயிருந்தது.

காலையில் அவள் தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, அவளைக் கட்டிய மகராசன் தோசைக்கல்லில் பிரேக் பேடுகளை வறுத்து எடுத்திருக்கிறார். வறுத்ததுதான் வறுத்தார், கல்லைத் தேய்த்தாவது வைத்தாரா? அதுவும் இல்லை.

அவள் கணவர் தௌசீப் உத்திரமேரூர் பஜாரில், வீட்டின் முன்னறையிலேயே சைக்கிள் கடை வைத்திருப்பவர். சைக்கிளில் தமக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று கிடையாது என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிக்குச் சோதனையாக வந்து சேர்ந்தது திருப்புலிவனத்துத் தமிழ்வாணனின் கியர் சைக்கிள். மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்று செய்த வண்டியாம். நெல்லும் கரும்பும் விளைகிற ஊருக்கு மலை வண்டி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தமிழ்வாணனின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் வெள்ளித் தட்டு மாதிரி ஒரு டிஸ்க். பிரேக்கைப் பிடித்தால் இரண்டு பேடுகள் இரண்டு பக்கமும் அந்தத் தட்டைக் கவ்விக்கொள்ளும். சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு வண்டி வேறு கிடையாது.

"பிரேக்கப் புடிச்சா கீச்சுகீச்சுனு கத்துது பாய். அத இன்னான்னு பாரு" என்று சொல்லித்தான் தமிழ்வாணன் வண்டியை விட்டுப் போனார்.

கத்துகிற இடத்தில் எண்ணெய் விடு. தௌசீப் தொழில் கற்ற நாளிலிருந்து அதுதான் வழக்கம். பெடலுக்கும் செயினுக்கும் அது சரி. வண்டியில் எண்ணெயே படக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது அந்தத் தட்டுதான். அங்கே போய், யாரோ ஒருவரின் மொபெட்டிலிருந்து வடித்து வைத்திருந்த பழைய கருப்பு எண்ணெயைத் தாராளமாக விட்டார் மனிதர். கீச்சுச் சத்தம் நின்றது. கூடவே பிரேக்கும் போனது. ஓட்டிப் பார்க்கக் கிளம்பியவர் எதிர்சாரி உரக்கடை மூட்டைகளில் போய் மோதித்தான் நின்றார்.

அன்றைக்குப் பிடித்த சனியன் வீட்டை விட்டு இறங்கவில்லை. தட்டைத் துடைத்துவிட்டார். ஆனால் பேடு எண்ணெயைக் குடித்துவிட்டது, கக்க மாட்டேன் என்கிறது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். சனோபர் குழம்பு ஊற்றுகிற கிண்ணத்தில்! சீயக்காய்ப் பொடி போட்டுத் தேய்த்தார். எதனால்? இக்ராவின் பல் துலக்கும் பிரஷ்ஷால். தேய்த்துவிட்டு அதைக் கழுவி மறுபடி டம்ளரில் சொருகியும் வைத்துவிட்டார். பிள்ளை அதை வாயில் வைக்கப் போன நேரத்தில் சனோபர் பார்த்துப் பிடுங்கினாள். அன்று முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"புதுசு ஒண்ணு மெட்ராஸ்லேர்ந்து வரவச்சு மாட்டுங்களேன். இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்று அப்போதே கேட்டாள்.

"நீ சும்மா கெட. என் தொயில் எனுக்குத் தெரியும்."

புதுசு வாங்குவதென்றால் பழசு ஏன் கெட்டது என்று தமிழ்வாணனிடம் சொல்லியாக வேண்டும். அங்கேதான் அவருக்குத் தொண்டையில் முள் சிக்கியது.

இன்றைக்குத் தோசைக்கல். சனோபர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று முன்னறைக்கு நடந்தாள். திரை வரைக்கும் போனவள் அங்கேயே நின்றாள். வெளியே தமிழ்வாணனின் குரல்.

"இன்னா பாய், வண்டி ரெடியா?"

"சத்தம் சுத்தமா போயிடுச்சுணா. ஆனா..." தௌசீப் இழுத்தார். "புடிப்பு இல்ல. எண்ண பட்டுடுச்சு. என் தப்புதான்."

சனோபருக்கு அத்தனை கோபத்திலும் நெஞ்சு லேசானது. சொல்லிவிட்டாரே! கிண்ணம் போகட்டும், கல் போகட்டும், மனிதர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

தமிழ்வாணன் சிரித்தார். "அட வுடு பாய். நானா ஓட்டப் போறேன்? எங்கூரு வேதகிரிக்கு வெல பேசி முட்ச்சிட்டேன். இப்ப வந்துகினே கீறான். சத்தம் இல்லாம கீதான்னு பாப்பான், அவ்ளோதான். அவனுக்கு இன்னா தெரியும்?"

"அவரா ஓட்டப் போறாரு?"

"அவம் பொண்ணு. ஒம்பதாவது படிக்குது. இஸ்கோலுக்கு இங்கதான வருது, மெயின் ரோட்லயே வந்துடும்."

அந்த ரோட்டில் ஜல்லி லாரிகள் எந்த வேகத்தில் போகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சைக்கிள் கடைக்காரருக்கு இன்னும் நன்றாகவே தெரியும். சனோபர் திரையைப் பிடித்துக்கொண்டு, அவர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தாள்.

தௌசீப்பும் சிரித்தார். நாய் வாலை ஆட்டுகிற மாதிரி ஒரு சிரிப்பு.

"அப்ப சரிணா. மாட்டிடறேன்" என்றவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "சனோ! அந்தப் பேடுங்கள எட்த்துனு வா."

அவள் எடுத்துக்கொண்டு வந்தாள். வெளியாள் இருக்கும்போது திரையைத் தாண்டாதவள் இன்று தாண்டினாள். கணவர் நீட்டிய கையைப் பார்க்கவேயில்லை. நேரே வாசலுக்குப் போய், செய்தித்தாளோடு அந்த நாலையும் சாக்கடையில் வீசினாள்.

பக்கத்துப் பரோட்டாக் கடையின் கழிவெல்லாம் வந்து தேங்குகிற சாக்கடை அது. மேலே மஞ்சளாகக் கொழுப்பு ஆடை கட்டியிருக்கும். கோழி இறகும் முட்டை ஓடும் மிதக்கும். பேடுகள் ஆடையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயின.

"அடிப்பாவி! இன்னா பண்ணிட்ட?"

"உங்களுக்கும் ஒரு பொட்டப்புள்ள கீதுங்க" என்றாள் சனோபர்.

தமிழ்வாணன் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "வேதகிரி வந்துடுவான் பாய். பேடு இல்லாத வண்டிய எப்பிடிக் காட்றது?" என்றார்.

தௌசீப் சாக்கடையைப் பார்த்தார். தமிழ்வாணனைப் பார்த்தார். சாக்கடைத் தண்ணீர் ஒரு சொட்டுத் தெறித்தாலும் நஜீஸ், அசுத்தம் என்று கைலி மாற்றாமல் பள்ளிவாசல் படி மிதிக்காத மனிதர், சட்டைக் கையை மடித்துவிட்டுக் குந்தினார். முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினார். கலங்கியதும் கிளம்பிய நாற்றத்தில் தமிழ்வாணன் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு தள்ளி நின்றார். ஒரு கோழிக்கால் வந்தது. வழுவழுவென்று ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. அப்புறம் அவர் முகம் மலர்ந்தது.

"ஒண்ணு கெட்ச்சிடுச்சுணா!"

சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக் காட்டினார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த சனோபருக்கு, இந்த ஒரு வாரமாகப் பட்ட அருவருப்பெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. பிரஷ்ஷைத் தூக்கி எறிந்துவிட்டாள், கல்லைப் புளி போட்டுத் தேய்த்துவிடுவாள். இந்த முகத்தை என்ன போட்டுத் தேய்ப்பது?

ஒரு மொபெட் வந்து நின்றது. முன்னால் வேதகிரி, பின்னால் அவர் மகள் பிரபா, பள்ளிச் சீருடையில். அவள் வண்டி முழுதாக நிற்பதற்குள் குதித்து ஓடி, சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பாய் தேடறீங்க? மோதிரம் எதுனா வுயுந்துடுச்சா?" என்றார் வேதகிரி. "இருங்க, நானும் பாக்கறேன்." செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கடை ஓரம் குனிந்தே விட்டார்.

தௌசீப் கையிலிருந்த பேடை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"மோதிரம் இல்லண்ணா" என்றாள் சனோபர். "உங்க பொண்ணு வண்டியோட பிரேக்கு. அது புடிக்காது. எண்ண குட்ச்சிடுச்சு. தெரிஞ்சேதான் மாட்டிக் குடுக்கப் போறாங்க."

வேதகிரி நிமிர்ந்தார். குந்தியிருந்த தௌசீப்பை அவர் கண்டுகொள்ளவே இல்லை. தன் ஊர்க்காரரைத்தான் பார்த்தார்.

"உனுக்கும் தெரியுமாடா?"