கிளெமென்ட் வாத்தியார் வேனுக்குக் கரண்ட் இழுத்தது

கிளெமென்ட் வாத்தியார் குறட்டை விடுவார். அது அவருக்கும் தெரியும், திண்டுக்கல்லில் அவர் குடியிருக்கிற தெருவுக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முந்தி ஒருநாள் அவர் பெண்சாதி ரீனா பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனாள். போனவள் போனவள்தான். அப்புறம் டாக்டர் சொல்லி, மூக்கையும் வாயையும் மூடி மாட்டிக்கொண்டு தூங்குகிற காத்து மெஷின் ஒன்று வீட்டுக்கு வந்தது. குறட்டை போன இடம் தெரியவில்லை. ஆனால் ரீனா ஹாலை விட்டு வரவில்லை.

அவள் பக்கத்தில் இல்லாமல் வாத்தியாருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதை அவளிடம் சொல்லலாம்தான். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு நாள் முழுக்க ஃபிசிக்ஸ் கத்துகிற வாய்க்கு இது ஒரு பாரமா? ஆனால் கேட்டு, அவள் மாட்டேன் என்றுவிட்டால் மூஞ்சியை எங்கே கொண்டு வைப்பது? அதனால் மனுஷன் தலையைச் சுற்றி மூக்கைத் தொட ஒரு வழி கண்டுபிடித்தார். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ரூம் கிடைக்காது. பழைய ஆம்னி வேன் சும்மா நிற்கிறது. அதில் மெத்தை போட்டுப் போய் அங்கேயே படுத்துக்கொள்ளலாம். வேனில் ஹால் கிடையாது பாருங்கள்.

"மெஷினுக்குக் கரண்டு?" என்று கேட்டாள் ரீனா.

"அங்க நம்ம சிநேகிதன் ஆரோக்கியதாஸ் வீட்டு வாசல்ல நிறுத்திக்கலாம். அவங்க பிளக்ல இருந்து வயர் இழுத்து வேனுக்குக் குடுத்துருவேன்."

"மெஷின் ஓடுச்சுன்னா வாரேன். இல்லேன்னா அக்காகூட பஸ்ல போறேன்."

இது போதாதா? மறுநாளே பேகம்பூரில் மன்சூர் பட்டறையில் வேன் நின்றது. பக்கவாட்டுத் தகட்டில் வட்டமாக ஓட்டை போடச் சொன்னதும், "என்ன சார், வண்டிக்குக் காது குத்துறீங்களா?" என்றார் மன்சூர். வாத்தியார் சிரிக்கவில்லை. பெரிய காரியம் செய்கிறவன் சிரிக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

மற்ற வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடச் சொன்னாள் ரீனா. இருபத்தைந்து வருஷம் மின்சாரம் நடத்தியவனுக்கு எலக்ட்ரீஷியனா என்று ரோஷம் வந்துவிட்டது. வேனுக்குள் ட்ரிப் ஸ்விட்ச், ரெண்டு பிளக் பாயின்ட், ஒரு குட்டி ஃபேன். வெளியே ஓட்டையில், வீட்டுச் சுவரில் இருக்குமே, அதே மாதிரி ஒரு சாக்கெட். அங்கேதான் அய்யா ஆழம் தெரியாமல் காலை விட்டார். வீட்டுச் சுவரிலும் சாக்கெட், வேனிலும் சாக்கெட். அப்போது நடுவில் போகிற வயருக்கு? ரெண்டு முனையிலும் பின் வைத்த ப்ளக்கை மாட்டி, ஸ்க்ரூவை முறுக்கி, தூக்கிப் பிடித்து அழகு பார்த்தார். வகுப்பில் ஒரு பையன் இதைச் செய்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

சனிக்கிழமை மத்தியானம் வெள்ளோட்டம். தெருவோரம் நின்ற வேனில் ஒரு முனை, வாசல் போர்ட்டில் மறு முனை. ஸ்விட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது, மெஷின் உஸ்ஸென்றது. வாத்தியார் மாஸ்க்கை மாட்டி மல்லாந்து படுத்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். கதவுப் பக்கம் நின்ற ரீனா கூட லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இவருக்கு வேளாங்கண்ணிக்கே போய்ச் சேர்ந்த மாதிரி இருந்தது.

அந்நேரம் பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள் இடுப்பில் எவர்சில்வர் குடமும் ஈரச் சேலையுமாக வந்தாள். "வயரு காலைத் தட்டுது, செத்த எடு தாயி" என்றாள். ரீனா வேனிலிருந்த ப்ளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வழி விட்டாள்.

மெஷின் நின்றது. வாத்தியார் எட்டிப் பார்த்தார். வீட்டுப் பக்கம் ஸ்விட்ச் போட்டபடியே இருக்கிறது. ரீனா கையில் மூன்று பித்தளைப் பின்னும் அம்மணமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது, வீட்டுக் கரண்ட் அதில் உயிரோடு இருக்கிறது. சாணளவு தள்ளி ஈரக் குடம் போகிறது.

கத்தினார். மாஸ்க்குக்குள் "ம்ம்ம்" என்றுதான் வந்தது. ரீனா, என்ன வேண்டும் என்று கேட்க ப்ளக்கோடு கையை அசைத்தாள். வாத்தியார் மாஸ்க்கோடு வெளியே பாய்ந்தார், வாசல்படியில் முட்டி பெயர விழுந்தார், எழுந்து ஸ்விட்சை அணைத்தார். மூஞ்சியிலிருந்து குழாய் தரை வரைக்கும் தொங்கியது.

"வாத்தியாருக்குத் தும்பிக்கை மொளைச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே சுந்தரம்மாள் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

வாத்தியார் மாஸ்க்கைக் கழற்றி வாசல்படியிலேயே உட்கார்ந்தார். "அந்தப் பின்னுல கரண்டு இருந்துச்சு ரீனா. வேன் பக்கம் பின்னும் வயர் பக்கம் ஓட்டையுமா இருந்திருக்கணும். நான் ஒரு மடையன். நீ தொட்டிருந்தேன்னா..."

ரீனா கையிலிருந்ததைப் பார்த்தாள். மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வேளாங்கண்ணிக்கு இந்த வருஷம் போகாட்டி என்னங்க, அதுக்கு இம்புட்டா?"

"வேளாங்கண்ணிக்கு இல்ல. நீ பக்கத்துல படுக்கணும்னுதான். என் குறட்டைக்குப் பயந்துதானே ஹாலுக்குப் போன."

"குறட்டைக்கு யாரு பயந்தா? நடுவுல உங்களுக்கு மூச்சு நின்னு போகும். திரும்ப வருதா, வருதான்னு விடிய விடிய முழிச்சுக் கெடப்பேன். என்னால தாங்க முடியல, போயிட்டேன்."

வாத்தியாருக்கு இது புதுச் செய்தி. முழங்காலில் ரத்தம் கசிவதைக்கூட மறந்துபோனார். "மெஷின் வந்தப்புறம்தான் அது நின்னு போச்சே. அப்ப வந்திருக்கலாம்ல?"

"நீங்க கூப்புடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கூப்புட்டா வந்திருப்பேன். அதுக்குப் போயி வேன்ல ஓட்டை போட்டுட்டு வந்து நிக்கிறீங்க."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். இடம் வலம் பார்த்தார். தெருவில் யாருமில்லை. "சரி, இப்பக் கூப்புடுறேன். வா ரீனா."

ரீனா அவர் முட்டியிலிருந்த மண்ணை முந்தானையால் தட்டிவிட்டாள். "பட்டப்பகல்ல என்னத்தக் கூப்புடுறது?" என்று எழுந்தாள். "ராத்திரிக்குக் கூப்புடுங்க."