படைப்பதற்கு முன் எடுத்து வைத்தது

விளாங்குடியில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த முதல் தீபாவளிக்கே, பாக்கியமணி டீச்சர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "அக்கா, சாமிக்குப் படைச்சத நாங்க சாப்பிடுறதில்ல. தப்பா நெனைக்காதீங்க." எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், சிரித்து வாங்கிக் குப்பையில் கொட்டாமல் சொன்னாரே என்று தோன்றியது.

அதிலிருந்து ஆறு வருஷமாக, படைப்பதற்கு முன்பே அவர்களுக்கென்று ஒரு தூக்குச்சட்டியில் அதிரசம் எடுத்து வைத்துவிடுவேன். சாமி கோவிக்காது என்று நானே சொல்லிக்கொள்வேன். டீச்சரும் லேசுப்பட்டவர் இல்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் என் வீட்டுக்காரர் காசிமாயன் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார். அதற்காகவே, வீட்டுக்குள் கறி வருவதற்கு முன், குளித்துவிட்டு, முட்டை சேர்க்காமல் எங்களுக்குத் தனியாக அச்சுமுறுக்கு சுட்டுத் தருவார்.

எண்பத்து மூன்றாம் வருஷத் தீபாவளிக்குக் கீழக்குயில்குடியிலிருந்து நாத்தனார் மாயக்காள் வந்திருந்தாள். படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் அடுப்படிக்குப் போனால், நான் எடுத்து வைத்த தூக்கு அலமாரியில் அப்படியே இருக்கிறது.

"பக்கத்து வீட்டுக்கு நானே குடுத்துட்டேன் மதினி. சாமி முன்னால இருந்த தூக்க" என்றாள் மாயக்காள் பெருமையாக.

சத்தம் வெளியே கேட்காமல் அவளைத் திட்டித் தீர்த்தேன். "குடுத்து எம்புட்டு நேரமாச்சு?" அரை மணி நேரமாம். டீச்சரின் இரண்டு பெண் பிள்ளைகளும் அதிரசம் என்றால் பறப்பார்கள். இந்நேரம் தூக்கு காலியாகியிருக்கும்.

"தின்னுருந்தா தின்னுட்டுப் போறாக. நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?" என்றார் காசிமாயன்.

அதுதான் பயமாக இருந்தது. என்னை நம்பித்தானே ஆறு வருஷமாகச் சாப்பிடுகிறார்கள்? சொன்னால் இனி என் வீட்டுத் தண்ணீரைக்கூட யோசித்துத்தான் குடிப்பார்கள். சொல்லாவிட்டால் அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படிப் பேசுவேன்?

அலமாரித் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். முகம் சரியில்லை.

"டீச்சர், தப்பு நடந்துபோச்சு. வந்தது படைச்ச தூக்கு. பிள்ளைக தின்னுருச்சுகளா?"

"மூடியத் தொறந்ததுமே தெரிஞ்சுபோச்சுக்கா. அதிரசத்து மேல செவ்வந்திப் பூ இருந்துச்சு." என்றார் டீச்சர். "திருப்பிக் குடுத்தா நல்ல நாளும் அதுவுமா நீங்க சங்கடப்படுவீங்க. சாப்பிட்டோம்னு பொய் சொல்லவும் வாய் வரல. நீங்களே வந்துர மாட்டீங்களான்னு அப்ப இருந்து இங்கயே நிக்கிறேன்."

உள்ளே, பீரோவின் மேல் வெள்ளைத் துண்டு விரித்து அதன்மேல் தூக்கை வைத்திருந்தார். பிள்ளைகள் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க சாமிக்கு வச்சது. கீழ வச்சா கால் பட்டுருமேன்னு..." என்று இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தார். உள்ளே பூ வைத்தபடியே இருந்தது.

நான் கொண்டுபோன தூக்கை நீட்டினேன். மூத்தவள் வாங்காமல் அம்மாவைப் பார்த்தாள். டீச்சர் என்னைப் பார்த்தார். இது எந்தத் தூக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வாங்கித் தின்னுங்கம்மா" என்றார். "பெரியம்மா குடுக்குறாங்கள்ல?"