ஒன்பது மணி நேரக் கதாநாயகி

சின்னவளுக்குத் தொழில் கதை வாசிப்பது. வீட்டு அலமாரிக்குள் சத்தம் புகாமல் நாலாபக்கமும் கம்பளியை ஆணியடித்து மாட்டி, நடுவில் மைக்கை வைத்து, வியர்க்க விறுவிறுக்க ஊரார் காதலை வாசிப்பாள். ஒலிப்புத்தகம் என்கிறார்களே, அதுதான். அதிலும் சிரிப்புக் காதல் கதைகள். ஒரே ஆள் பத்துப் பேருக்கும் பேச வேண்டும். அதற்கு அவள் கண்டுபிடித்த குறுக்குவழி, தெரிந்தவர்களின் குரலைத் திருடுவது. நாயகனின் அப்பாவுக்குப் பால்காரர், தோழிக்கு மருந்துக்கடைப் பெண். கேட்கிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது?

இந்த முறை வந்த கதையின் நாயகி இருக்கிறாளே, அப்பப்பா! பெற்றவளுக்கே பிடிக்காது. தொட்டதற்கெல்லாம் குற்றம், நின்றால் குறை. காதலைச் சொல்ல வந்தவனிடமே, "சரி, முதல்ல அந்தச் சட்டையை மாத்திட்டு வா" என்கிறவள். இவளுக்கு யார் குரலைக் கொடுப்பது என்று சின்னவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த அன்று காலையில்தான் அக்கா போனில் பிடிபிடியென்று பிடித்திருந்தாள்.

"நான் ஒண்ணு சொல்வேன், தப்பா எடுத்துக்காதே. அலமாரிக்குள்ள உக்காந்து பேசறதெல்லாம் ஒரு வேலையா? ம்க்கும்!"

அந்தக் கோபம் ஆறுவதற்குள் மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் இழுப்பு, கடைசி வார்த்தையில் ஒரு வெட்டு, முடிவில் ஒரு ம்க்கும். நாயகி உயிரோடு வந்து நின்றாள். பாவி மகள், அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஒன்பது மணி நேரக் கதையைக் கிட்டத்தட்ட முழுக்க அப்படியே வாசித்துத் தள்ளினாள்.

புத்தகம் ஓடு ஓடென்று ஓடியது. 'இவள் வாயைத் திறந்தாலே பற்றிக்கொண்டு வருகிறது, ஆனால் நிறுத்த மனம் வரவில்லை' என்று கேட்டவர்கள் எழுதினார்கள். எல்லோரையும்விட அதிகம் பூரித்தவள் அக்காதான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் பிரிவுக்கு அவள் மேற்பார்வை. அலமாரி வேலை என்று ஏசிய அதே வாய், "என் தங்கச்சி வாசிச்சது" என்று ஸ்பீக்கரில் போட்டுப் பன்னிரண்டு பெண்களையும் கேட்க வைத்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். குரலும் அப்படித்தான் போலிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து அக்கா பேசினாள். "இப்பல்லாம் நான் எது சொன்னாலும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்கடி. முன்னெல்லாம் என்னைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. உன் கதையைக் கேட்டதுல இருந்து கலகலன்னு ஆயிட்டாங்க. ஒரு நாள் வந்து முகத்தைக் காட்டிட்டுப் போயேன்."

அந்தச் சிரிப்பு எதற்கென்று சின்னவளுக்குச் சந்தேகம் தட்டியது. வேறு யாராவது சொல்வதற்குள் தானே சொல்லிவிட வேண்டும். எந்த வாயால் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். தலைவலி என்றாள், வேலை என்றாள். அக்கா விடுகிற ஆளா?

சலவைக்கூடத்தில் ஆவியும் சோப்பு வாடையும் மூச்சை அடைத்தன. நீள மேஜைகளில் வெள்ளை விரிப்புகள் மலையாகக் கிடந்தன. அக்கா அவள் தோளில் கைபோட்டு ஒவ்வொருவரிடமும் கூட்டிப்போனாள். அந்தப் பெண்கள் பார்த்த பார்வையிலேயே சின்னவளுக்கு விளங்கிவிட்டது. எல்லோருக்கும் தெரியும், அக்காவைத் தவிர.

"அந்தச் சட்டை வசனத்தை ஒரு தடவை சொல்லுங்களேன்," என்றாள் குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லிப் பெண், உதட்டைக் கடித்துக்கொண்டு.

பக்கத்தில் அக்காவை வைத்துக்கொண்டா? சின்னவள் மருந்துக்கடைப் பெண்ணின் குரலில் எதையோ முனகினாள். "இது இல்லையே!" என்று நாலு பேர் கத்தினார்கள்.

"விடுங்கடி, அவ கூச்சப்படறா. எனக்கு மனப்பாடம், நான் சொல்றேன்." அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "சரி, முதல்ல அந்தச் சட்டையை மாத்திட்டு வா. ம்க்கும்!"

கூடமே வெடித்தது. "அச்சு அசல்!" என்று யாரோ மேஜையைத் தட்டினார்கள். "அக்கா, இதுக்கு நீங்க நடிக்கவே வேணாம்!" என்று குண்டூசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள். பாராட்டை வாங்கிக்கொள்ளத் தங்கையின் பக்கம் திரும்பினாள். சின்னவள் தலையைத் தொங்கப்போட்டிருந்தாள். அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"போய் வேலையைப் பாருங்க," என்றாள். அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அழுக்குத்துணி வண்டிகள் நிற்கும் வாசல் வரை அக்கா கூடவே வந்தாள்.

"அது நானா?"

"மன்னிச்சிடுக்கா. அன்னிக்கு ஏதோ கோவத்துல..."

"எனக்கும் அவளைப் பிடிக்கவே இல்லடி. எப்படா வாயை மூடுவான்னு இருந்துச்சு." அக்கா ஒவ்வொரு சொல்லையும் சரிபார்ப்பவள் மாதிரி மெதுவாகப் பேசினாள். "ஆனா கடைசி அத்தியாயத்துல, அவன் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டு அழறாளே, அங்க நானும் அழுதேன். பாவம், நல்லவதான்னு தோணுச்சு. அதுவும் நான்தானே?"

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது சின்னவளுக்கு. அழுகையும் அன்பும் அக்காவின் குரலில் எடுபடாது என்று, அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் அவள் தன் சொந்தக் குரலில் வாசித்திருந்தாள். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாயை வைத்துப் பிழைக்கிறவளுக்கு அந்த நேரம் பார்த்து நாக்கு எழவில்லை.

அக்கா அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

"அது உன் குரலு, இல்ல?"

சின்னவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

"சரி. பத்திரமாப் போ," என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள்.