கட்டணம் யார் தலையில்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. பருவகால விளைபொருளுக்கு அரசு வாங்கும் சந்தைக் கட்டணம் யார் தலையில் விழுகிறது என்பது பற்றி ஒரு பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டது. சந்தைக்குப் போய் விசாரித்தேன். "நான்தான் கட்டுறேன்" என்றார் விவசாயி. "அதையும் சேத்துத்தான் நான் விலை குடுக்கறேன்" என்றார் வியாபாரி. பழம் வாங்க வந்த அம்மாவோ, "கடைசில எங்க தலையிலதானே கட்டுறீங்க" என்றார். மூவரும் சொன்னது சரிதான். பக்கத்தில் நின்ற சுமைகூலிக்காரர் சிரித்தார். கூப்பிட்டேன். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினார். கட்டுரை அங்கேயே செத்தது.

2

முதல் வரி: "அதிகாலைப் பனியில் ஆரஞ்சுத் தோட்டம் பொன்னிறமாய்—"

(வேண்டாம். தோட்டத்தை ரசிப்பவனுக்கு அங்கே வேலை இல்லை என்று அர்த்தம்.)

இன்னொன்று: "கட்டணம் என்பது அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையே—"

(எனக்கே தூக்கம் வருகிறது.)

நேராகவே சொல்கிறேன். சந்தை வாசலில் கட்டணம் எடைக்கு இல்லை, கூடைக்கு. விதியை எழுதிய புண்ணியவான் கூடையின் அளவைச் சொல்ல மறந்துவிட்டான். அந்தப் பருவத்திலேயே எல்லாக் கூடைகளும் பெரிதாக ஆரம்பித்தன.

3

நம் விவசாயியும் பெரிய கூடை வாங்கினார். (அவரை வில்லனாக்க எவ்வளவோ முயன்றேன். ஆள் வசப்படவில்லை. போன வருஷ நஷ்டமே இன்னும் அவர் கழுத்தைப் பிடிக்கிறது.) அவருக்குச் சுமை தூக்குபவர், அதாவது கழுத்து திரும்பாத அந்தச் சுமைகூலிக்காரர், அவருடைய தங்கையின் கணவர்.

ஒருநாள் தங்கை வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, கூடையைச் சின்னதாக்குங்க. இன்னும் தலைச்சுமை தூக்கினா கை கால் விழுந்துரும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"நான் மட்டும் சின்னதாக்கினா ரெண்டு மடங்கு கட்டணும்மா. மாப்பிள்ளைய கொஞ்ச நாள் வீட்ல இருக்கச் சொல்லேன்."

"இருந்தா, அடுப்புல என்னத்த வைக்கறது? கூலியும் கூடைக்குத்தான் குடுக்கறீங்க. கூடை பெருசாச்சு, கூலி பாதியாச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன உனக்கு எதிரியா?"

"எதிரியா இருந்தா கேக்கவே வந்திருக்க மாட்டேன்."

4

முடிவு ஒன்று: அரசு விதியைத் திருத்துகிறது. (எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு இரண்டு: தங்கையின் கண்ணீரில் அண்ணன் மனம் மாறி— (அவள் அழவே இல்லை. அவர் மனம் மாறினால் அவருடைய கடன்காரனும் மாறுவானா?)

முடிவு மூன்று: மாப்பிள்ளை கூடையோடு சரிகிறார், சந்தையெங்கும் ஆரஞ்சுகள் உருளுகின்றன. பிரமாதமாக வந்தது. மறுபடி படித்தபோது என்மீதே ஆத்திரம் வந்தது. ஒரு மனிதனின் கழுத்தை ஒடித்து நான் நல்ல வாக்கியம் சம்பாதிக்கிறேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது எழுத்தாளனுக்கும் பொருந்தும். கிழித்துப் போட்டேன்.

5

மிச்சம் இருப்பது தங்கை வந்துபோன மறுநாள் காலை மட்டும். வாசல் குமாஸ்தா கூடைகளை எண்ணுகிறார். அவர் வேலை அதுதான், அவரையும் திட்ட முடியவில்லை. மாப்பிள்ளை துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொள்கிறார்.

"இன்னிக்கு விட்ருங்க மாப்பிள்ள."

"இன்னிக்கு விட்டா நாளைக்கு என் இடத்துல வேற ஆள் நிப்பான் மச்சான். தூக்கிவிடுங்க."

பழைய கூடையைத் தூக்கிவிட ஒருவர் போதும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கத்தை மச்சான் பிடித்துவிட்டார். எதிர்ப்பக்கம் ஆள் இல்லை. என் கையில் பேனா இருக்கிறது (எழுத்தாளர்கள் இப்படித்தான் தப்பிப்பார்கள்).

உங்கள் கை காலியாகத்தான் இருக்கிறது. பிடித்தால் அந்தப் பாரத்தை அவர் தலையில் ஏற்றியவர்களில் நீங்களும் ஒருவர். பிடிக்காவிட்டால் அவருடைய பிழைப்பு போகும். அவர் குனிந்துவிட்டார்.

"கொஞ்சம் ஒரு கை குடுங்க" என்று உங்களைத்தான் கேட்கிறார்.