பங்காளிக்கு ஏது உறுதி விலை

சௌந்திரத்துக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். திருச்செங்கோட்டில் அவளோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். இரும்புக் கடைக்காரரும் சேஸிஸ் ஏஜென்டும் அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தாலே செருப்பைத் தேடுவார்கள். பாவம், சென்னையிலிருந்து வந்த வக்கீல் சிவபிரகாஷுக்குத் தெரியவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த டேனியலுக்கு எங்கே தெரியப் போகிறது!

போர்வெல் போடுகிற ரிக் வண்டி செய்யும் கம்பெனி அவர்களுடையது. பட்டறை வேலை புருஷன் கண்ணுசாமி பொறுப்பு, விற்பனை கொழுந்தன் பிரபாகர் பொறுப்பு. மீதி எல்லாம், பேங்க்காரனோடு மல்லுக்கட்டுவது உட்பட, சௌந்திரம்தான். மூன்று பேருக்கும் பங்கு உண்டு. பிரபாகர் கென்யாவுக்கு நடையாய் நடந்து ஒரு பெரிய ஆர்டரைப் பிடித்துவிட்டான். அதை முடிக்க இன்னொரு ஷெட் வேண்டும், ஷெட்டுக்குப் பணம் வேண்டும். டேனியலின் முதலீட்டு ஃபண்டு பணத்தைப் போட்டுக் கால் பங்கு வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

டேனியல் ஆபீசுக்குள் நுழைந்ததும் கைகூப்பி, "வணக்கம் பங்காளி!" என்றான். பார்ட்னருக்குத் தமிழில் என்ன என்று காரில் வரும்போது கேட்டிருக்கிறான், வக்கீலும் சொல்லிக்கொடுத்துவிட்டார். டீ கொண்டுவந்த ராமாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியே போனாள். இந்தப் பக்கம் பங்காளி என்றால் சும்மாவா? ஒரே குலம், ஒரே கோயிலுக்கு வரி, ஒருத்தர் வீட்டில் சாவு விழுந்தால் இன்னொருத்தருக்கும் தீட்டு. வரப்புத் தகராறில் மண்டையை உடைக்கிறவனும் அவன்தான்.

"வாங்க பங்காளி, உக்காருங்க" என்றாள் சௌந்திரம் சிரித்துக்கொண்டே. ஆள் நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தான்.

ஃபண்டின் வக்கீலான சிவபிரகாஷ் இரண்டு கட்டுக் காகிதங்களை எடுத்து வைத்தார். முதல் கட்டு தடிமன். அதைப் பற்றி ஏற்கெனவே பேசி முடித்தாயிற்று. இரண்டாவது மெலிசாக இருந்தது.

"இது எதுக்குங்க தனியா?" என்று கேட்டாள்.

"சின்ன விஷயம்தான் மேடம். அஞ்சு வருஷம் கழிச்சு ஃபண்டு வெளியே போகும்போது, அவங்க பங்கை நீங்களே திருப்பி வாங்கிக்கணும். போட்ட பணம், அதுக்கு மேல வருஷா வருஷம் இவ்வளவுன்னு ஏத்தி ஒரு விலை. கம்பெனி எப்படி இருந்தாலும் அந்த விலைதான். அதுக்கு ஈடா உங்க பேர்ல இருக்கற பட்டறை இடம்."

"அதைய இந்தப் பெரிய காயிதத்துலயே எழுதலாமுல்லங்க?"

வக்கீல் கொஞ்சம் நெளிந்தார். "அங்கதான் ஒரு சிக்கல். நம்ம ஊர் வெளிநாட்டு முதலீட்டு விதிப்படி, பங்கா வாங்கினவங்க வெளியே போறப்ப அன்னிக்கு நியாய விலை என்னவோ அதுதான் கிடைக்கணும். இவ்வளவு தர்றேன்னு முன்கூட்டியே உறுதி கொடுக்கக் கூடாது. அதனால சிங்கப்பூர் சட்டப்படி தனியா ஒரு கம்ஃபர்ட் லெட்டர், ஒரு தைரியத்துக்கு எழுதி வாங்கற கடிதம்."

"கூடாதுன்னா கூடாதுதானுங்க?"

"எல்லாரும் செய்யறதுதான் மேடம்."

"கம்ஃபர்ட்டு யாருக்குங்க?" சௌந்திரத்தின் குரல் இறங்கிவிட்டது. மூலையில் உட்கார்ந்திருந்த பிரபாகர் நிமிர்ந்தான். அவனுக்கு இந்தக் குரல் நன்றாகத் தெரியும்.

"நான் சொல்றதைய ஒரு வார்த்தை உடாம அவருகிட்டச் சொல்லுங்க வக்கீல் சார். வரும்போதே பங்காளின்னு சொல்லிக்கிட்டு வந்தாரு, சந்தோசம். ஆனா தீட்டு வேண்டாம், வரி வேண்டாம், பந்தியில மட்டும் மொத எல இவருக்குப் போடோணுமா? நாளைக்கு வண்டி விக்காம நாங்க பட்டறையப் பூட்டுனாலும் இவரு வட்டியோட வாங்கிக்கிட்டுப் போவாராமா? வட்டி வேணும்னா கடன்னு சொல்லச் சொல்லுங்க. கடன் குடுக்க எனக்கு இங்கியே பேங்க் இருக்குது. அவன் இம்சை எனக்குப் பழகிப் போச்சு."

வக்கீல் பாதியைத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் டேனியலின் முகம் சிவந்தது. உறுதி விலை இல்லாமல் சிங்கப்பூரில் ஒருத்தரும் சம்மதிக்கமாட்டார்கள் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

"அப்ப டீயக் குடிச்சுட்டுக் கெளம்பச் சொல்லுங்க. வழியில வெயிலாயிரும்."

"நங்கையா!" பிரபாகர் எழுந்தே விட்டான். அண்ணன் பெண்டாட்டியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "என்னங்க பேசறீங்க? ஆர்டரு கைய விட்டுப் போயிரும்!"

"போனாப் போகுது. இருக்கற ஷெட்டுல எத்தன வண்டி முடியுமோ அத்தனையச் செய்வோம். எடத்த எழுதிக் குடுத்து, அரசாங்கம் கூடாதுங்கறதைய ஒளிச்சு வெச்சு, அப்படி ஒரு ஷெட்டு எனக்கு வேண்டாம்."

வந்தவர்கள் கிளம்பிப் போனார்கள். கார் மல்லசமுத்திரம் ரோட்டில் திரும்பும்வரை பிரபாகர் வாசலிலேயே நின்றான். பிறகு உள்ளே வந்து, உட்காராமலே சொன்னான்.

"பாஷை தெரியாத ஊருல ரொட்டியத் தின்னுட்டு அலஞ்சவன் நானு. ஒரே நிமிசத்துல தூக்கி எறிஞ்சுட்டீங்க. என்ற பங்கப் பிரிச்சுக் குடுத்துருங்க. இந்த ஆர்டரு முடிஞ்சிருந்தா என்ன வெல போயிருக்குமோ, அந்த வெலைக்கு."

சௌந்திரம் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவன் ஏழாம் வகுப்பு. கல்லூரிக்குப் போகும்வரை சோறு கட்டிக் கொடுத்தவள் அவள். பணம் இல்லை என்றால்கூடத் தாங்கியிருப்பாள், இதைத் தாங்க முடியவில்லை. சரி, அந்த விலையே தருகிறேன், போகாதே என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"தாரேனுங்க கொழுந்தனாரே. உங்க ஒழப்பு எனக்குத் தெரியாதா? ஆனா இன்னைக்கு நாயமா என்ன வெலையோ, அதுதான். நடந்திருந்தாங்கற வெலைக்குத் தர மாட்டேன். அந்த சிங்கப்பூர்க்காரனுக்கு இல்லீன்னு சொன்னதைய உங்களுக்குக் குடுத்தா, அவனத் தொரத்துனதுக்கு என்ன அர்த்தம்?"

"நானும் அவனும் ஒண்ணா?"

"இந்த ஒரு விசயத்துல ஒண்ணுதானுங்க."

அவன் முன்னாலேயே ஆடிட்டர் சுவாமிநாதனுக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி மேஜைமேல் வைத்தாள்.

"சாமி, கம்பெனிப் பங்குக்கு வெல போடோணும். நாளைக்கு வந்துருங்க."

"வாரேன் அம்மணி. யாரு பங்கு?"

சௌந்திரம் பிரபாகரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா சொன்னேன் நங்கையா என்று ஒரு வார்த்தை வராதா என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

"என்ற பங்குதானுங்க ஆடிட்டரே" என்றான் பிரபாகர். "நல்லபடியாப் பாத்துப் போடுங்க."

சுவாமிநாதன் தயங்கினார். "என்ன அம்மணி, குடும்பத்துக்குள்ள... கொஞ்சம் கூட்டிப் போடறதா?"

சௌந்திரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேண்டாஞ் சாமி. யாரு போனாலும் இங்க ஒரே வெலதான்."