ஒரே சீரான வினாத்தாள்

அட்டனுக்கு அண்மையிலுள்ள அந்தத் தோட்டப் பாடசாலையில், இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில், உயர்தர விஞ்ஞான வகுப்பு தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. மாணவர் ஒன்பதின்மர். அன்று தவணைப் பரீட்சையை நடத்தி, மறுநாள் புள்ளிகளை ஒப்படைக்காவிட்டால் வகுப்பை மூடிவிடுவதாக வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

இரசாயன வினாத்தாளை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கற்பித்த சிவனேஸ்வரியே மூன்று நாள் இருந்து கணினியில் அடித்தார். தமிழுக்கு ஓர் எழுத்துரு. குறியீடு வந்தால் ஆங்கில எழுத்துருவுக்கு மாற வேண்டும். எண்ணைக் கீழிறக்க வேண்டும், அடுக்கை மேலேற்ற வேண்டும். பின்னர் தமிழுக்குத் திரும்ப வேண்டும். வரிக்கு வரி இதே பாடு.

அன்று காலையில், அச்சிடக் கொடுத்திருந்த தாளின் பிரதிகளை அதிபர் செல்லசாமி நீட்டினார். சிவனேஸ்வரி முதல் பக்கத்தைப் பார்த்தார். CO₂ இருந்த இடத்தில் ‘ஊழு2’ நின்றது. 10²³ வெறும் 1023 ஆகியிருந்தது.

“என்ன சேர் செய்தனீங்கள்?”

“எழுத்து ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கிக் கெடந்துச்சு டீச்சர். எல்லாத்தையும் தமிழ் எழுத்துக்கே மாத்தி, நேராக்கி, சேவ் பண்ணிட்டேன். இப்ப காலைல பெரட்டுல பேர் குடுக்க ஆளு நிக்கிற மாதிரி வரிசையா இருக்கில்ல?”

அறியாததைத் திருத்தும் துணிவு பதவியிலிருப்போருக்கு எங்கிருந்துதான் வருகிறதோ! பழைய கோப்பும் அழிந்துவிட்டது. மறுபடி அடிக்க நாளில்லை. சினக்கவும் சிவனேஸ்வரிக்குத் தெம்பில்லை. வகுப்புக்குச் சென்றார்.

“பரீட்சை இல்லை, பிள்ளையள். தாள் வாசிக்கேலாமல் கிடக்கு.”

முன்வரிசைத் தனுஷிகா எட்டிப் பார்த்தாள். “வாசிக்கலாம் டீச்சர். ஊன்னா C, ழுன்னா O. ரெண்டுக்கும் ஒரே கீதானே, டைப்பிங் கிளாஸ்ல தெனம் தட்டுறது, எங்க எல்லாருக்கும் தெரியும்.”

“அவ தூக்கத்துலயும் தட்டுவா டீச்சர்” என்றான் கிஷாந்த்.

“வாய மூடுடா. டீச்சர், இந்த ஆயிரத்து இருபத்து மூணுதான் வெளங்கல.”

எழுத்துகளைப் பிள்ளைகள் மீட்டுவிடுவார்கள். அடுக்குகளை எவரும் ஊகிக்க இயலாது. சிவனேஸ்வரி வெண்கட்டியை எடுத்தார். வினா எண்ணுக்கு நேரே, முப்பத்தொரு அடுக்குகளையும் கரும்பலகையில் ஒவ்வொன்றாக எழுதினார். தோள் கடுத்தது.

செல்லசாமி வாசலில் வந்து நின்றார். “ஏன் டீச்சர் மேல தூக்கித் தூக்கி எழுதுறீங்க? ஒரே கோட்டுல எழுதுனா எடம் மிஞ்சுமே?”

சிவனேஸ்வரி வெண்கட்டியைக் கீழே வைத்தார். நேரம் ஒன்பதரை.

“தொடங்குங்கோ” என்றார் பிள்ளைகளிடம்.