பெட்டி கட்டாத பன்னீர்செல்வம்

வளைகுடா தொழிலாளர் கேம்பில் பதினெட்டு வருஷமாகக் கீழ்க்கட்டிலில் படுத்துவந்த பன்னீர்செல்வத்தை, ஒரு திங்கட்கிழமை மேல்கட்டிலுக்கு ஏறச் சொல்லிவிட்டார்கள். கம்பெனி பார்க்கும் கட்டடங்களில் எங்கே ஏசி நின்றாலும் கூப்பிடுவது அவரைத்தான். முழங்கால் தேய்ந்ததும் அந்த மொட்டைமாடி ஏணிகளில்தான். அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்!

விஷயம் இதுதான். நல்ல மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக ரியாத், தோஹா என்று வேறு கம்பெனிகளுக்குக் கழன்றுகொண்டிருந்தார்கள். எச்.ஆர். மேனேஜர் ரவிசங்கர் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். போனவர்கள் அத்தனை பேரும் போவதற்கு முன்னால் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டி கட்டி வைத்திருந்தார்கள். ஆகவே, பெட்டி கட்டியவர்தான் கம்பெனி இழக்கக்கூடாத ஊழியர். அவருக்குக் கீழ்க்கட்டில், ஏசி காற்று நேராக விழும் மூலை, வெள்ளிக்கிழமை பிரியாணியில் இரண்டு லெக் பீஸ்.

மறுநாளே சோனாப்பூர் கேம்பில் அட்டைப்பெட்டிக்குத் தட்டுப்பாடு. ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாத சரவணகுமார்கூட ஒரு காலிப்பெட்டியை நைலான் கயிற்றால் கட்டிவிட்டு, பன்னீர்செல்வத்தின் கட்டிலில் ஜம்மென்று காலை நீட்டினான்.

பன்னீர்செல்வம் ஆபீசுக்கே போய்விட்டார்.

"முட்டி வலி சார். மேல ஏற முடியல."

"நீங்கதான் எங்கயும் போகப்போறதில்லையேண்ணே. போகாதவர எப்படித் தக்கவைக்கிறது? பாலிசில இடமில்ல" என்றார் ரவிசங்கர், உண்மையான வருத்தத்தோடு.

"நீங்களும் ஒரு காலிப் பொட்டியக் கட்டித் தொலைங்கண்ணே" என்றான் சரவணகுமார், கேம்புக்குத் திரும்பியவரிடம் படுத்தபடியே.

காலிப்பெட்டியில் ஊர்ப்பேர் எழுத அவருக்குக் கை வரவில்லை. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதர். பொய்யாகிவிடக்கூடாதே என்று ஒரு கம்பளி வாங்கிப் போட்டார். அப்புறம் பால்பவுடர், கோடாலித் தைலம், மனைவி பானுமதி எப்போதோ கேட்டிருந்த பிஸ்தா. பெட்டி நிறைந்ததும் கயிறு கட்டி, 'பன்னீர்செல்வம், அறந்தாங்கி' என்று மார்க்கரில் எழுதினார். எழுதிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஊருக்குப் போகவேண்டும் என்று வெறியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ரவிசங்கர் தராசோடு சோதனைக்கு வந்தார். மற்ற பெட்டிகளெல்லாம் ஒற்றை விரலில் தூக்க வந்தன. இது முப்பது கிலோ. அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"அண்ணே, கீழ்க்கட்டில் உங்களுக்குத்தான். லெக் பீஸ் நாலு! போயிடாதீங்கண்ணே!"

பதினெட்டு வருஷத்தில் முதன்முறையாக ஒருவர் அவரைப் போகாதே என்கிறார். பன்னீர்செல்வத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத அன்னைக்கே ஆபீஸ்ல சொல்லியிருந்தா, அந்தக் கம்பளிய வாங்கியே இருக்க மாட்டேன் சார். இப்பப் பொட்டி கட்டியாச்சே."

அந்த மாதம் கம்பெனியை விட்டுப் போனவர் அவர் ஒருவர்தான். நாற்பது காலிப்பெட்டிக்காரர்களும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். திட்டம் மாபெரும் வெற்றி என்று ரவிசங்கர் மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். ஆபீசில் ஏசி நின்றுபோயிருந்ததால், சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு எழுதினார்.